புகைக்குள்ளே என்ன இருக்கு? ஆய்வுக்கூடம் சொல்லும் சேதி

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

குடும்ப நலத்துறையிலிருந்து ஆள் வந்தாலே, “ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லத்தான் வந்திருக்காங்க” என்று சிலர் பின்பக்கம் போய் உட்கார்ந்து கொள்வார்கள். பயப்படாதீங்க, இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. பெற்ற பிள்ளை நல்ல மூச்சு விட்டு வளர வேண்டும், கட்டிய மனைவி நோயில்லாமல் இருக்க வேண்டும், குடும்பத்தைத் தாங்குகிற ஆண்மகன் நாற்பது, ஐம்பது வயதிலே படுக்கையில் விழாமல் இருக்க வேண்டும். அதுவும் குடும்ப நலம்தான். அதற்குக் குறுக்கே நிற்கிற ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுதான் புகை.

நம்ம சேலம், நாமக்கல் சீமையிலே வேலைக்குப் பஞ்சமில்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகள் போகாத மாநிலம் கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையத்திலே இராப்பகலாகத் தறி ஓடுகிறது. தூக்கம் விழிக்கிற இந்த வேலைகளிலே பீடியும் சிகரெட்டும் கைக்கு வந்து ஒட்டிக் கொள்கின்றன. இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. வெளியூரிலே படிக்கிற பையன் சட்டைப் பையிலே பேனா மாதிரி ஒன்றை வைத்திருப்பான். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, பழ வாசனை அடிக்கும். அதுதான் மின் சிகரெட். ‘வேப்’ என்றும் சொல்கிறார்கள்.

மூன்று பேரும் ஆளுக்கொரு நியாயம் சொல்கிறார்கள். பீடிக்காரர், “இது இலையிலே சுத்துனதுங்க, கலப்படம் கிடையாது” என்கிறார். சிகரெட்டுக்காரர், “என்னுது ஃபில்டர் வெச்சது, கெட்டதெல்லாம் பஞ்சிலேயே நின்னுடும்” என்கிறார். பையனைக் கேட்டால், “அம்மா, இது புகையே இல்லை, வெறும் ஆவி” என்கிறான். இதிலே யார் சொல்வது உண்மை? வாதம் பண்ணிப் பயனில்லை. பாலிலே தண்ணி கலந்திருக்கா என்று பார்க்க அளவுகோல் இருக்கிற மாதிரி, புகையிலே என்ன கலந்திருக்கு என்று பார்க்கவும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அது என்ன சொல்கிறது என்று கேட்போம்.

சோதனை எப்படி நடக்கிறது?

புகையைச் சோதிக்க மனுஷன் புகைக்க வேண்டியதில்லை. அதற்கென்றே புகைக்கும் இயந்திரம் இருக்கிறது. சிகரெட்டுகளை முதலில் ஒரே அளவான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்துப் பதப்படுத்துவார்கள். பிறகு இயந்திரத்தில் செருகிப் பற்ற வைப்பார்கள். சர்வதேச முறைப்படி இயந்திரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு விநாடி நேரம், 35 மில்லி லிட்டர் புகையை இழுக்கும். அந்தப் புகை கண்ணாடி இழையாலான ஒரு வட்டத் தட்டு வழியாகப் போகும். வெள்ளைத் தட்டு பழுப்பாகி விடும். அதை நிறுத்துப் பார்த்து, அதிலிருந்து தண்ணீரையும் நிகோடினையும் கழித்தால் மிச்சம் நிற்பதுதான் தார். தட்டிலே நிற்காத வாயுக்களைத் தனியாக அளப்பார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமே இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவிலே உள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் தலைமை ஆய்வுக்கூடமும், மும்பையிலும் குவஹாத்தியிலும் மற்ற இரண்டு கூடங்களும் 2019-ஆம் ஆண்டில் தேசியப் புகையிலைச் சோதனைக் கூடங்களாக அறிவிக்கப்பட்டன.

புகையிலே கண்டது என்ன?

சிகரெட் புகையிலே 7,000-க்கு மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. வாயிலே நுழையாத பெயர்களாக இருக்குமே என்று நினைக்காதீர்கள். அதிலே பலதும் உங்களுக்குப் பழகின சரக்குத்தான்.

கோழிப் பண்ணைக்குள்ளே நுழைந்தால் எருவிலிருந்து மூக்கைத் துளைக்கிற நெடி வருகிறதே, அது அம்மோனியா. அது சிகரெட் புகையிலும் இருக்கிறது. குஞ்சு பொரிக்கிற இடத்தில் கிருமி சாக மூட்டம் போடுகிற ஃபார்மலின் இருக்கிறதே, அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புகையிலும் இருக்கிறது. பொன், வெள்ளி வேலை பார்க்கிறவர்கள் சயனைடு என்றால் எட்டி நிற்பார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த ஹைட்ரஜன் சயனைடு வாயு புகையிலே இருக்கிறது. நகைக் கடையில் ‘கேடிஎம்’ என்று சொல்கிறார்களே, அந்தப் பற்றவைப்பில் சேர்த்த காட்மியம் என்ற உலோகமும் இருக்கிறது. லாரி சைலன்ஸரில் வருகிற கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. வடைச்சட்டியில் எண்ணெய் தீய்ந்து போனால் கண்ணும் தொண்டையும் எரிகிறதே, அதற்குக் காரணமான அக்ரோலினும் இருக்கிறது.

இனி நிகோடின். மிளகாய்ச் செடியில் அசுவினி விழுந்தால் புகையிலையை ஊறவைத்துக் கரைசல் அடிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பூச்சியைக் கொல்வது அந்த நிகோடின்தான். மனுஷனை மறுபடி மறுபடி பற்ற வைக்கச் சொல்கிறதும் அதேதான்.

இலையிலே சுத்துன பீடி

பீடிக்காரரின் நியாயத்தை முதலில் பார்ப்போம். 1974-ஆம் ஆண்டிலேயே பம்பாய் டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த எல்.டி. சங்வியும், அமெரிக்காவின் ஹாஃப்மன், வைண்டர் என்ற ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தியப் பீடிப் புகையையும் அமெரிக்கச் சிகரெட் புகையையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு, புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் எல்லாமே பீடிப் புகையில்தான் அதிகம் என்று தெரிந்தது. பீடியிலே இருக்கிற புகையிலையோ சிகரெட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அப்படியும் விஷம் ஏன் கூடுதல்?

காரணம் அந்த இலைதான். சிகரெட் காகிதத்திலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அது வழியாகக் காற்று உள்ளே போகும். பீடி இலையிலே காற்று அவ்வளவாக நுழையாது. இழுக்காமல் விட்டால் அணைந்து போகும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கணும், இழுத்து இழுத்து நெஞ்சுக்குள்ளே கூடுதலாகப் போகும். ஆகவே இலையிலே சுத்தினதாலே நல்லது என்ற பேச்சு சோதனையிலே நிற்கவில்லை.

ஃபில்டர் காப்பாற்றுமா?

சிகரெட்டு ஃபில்டரைச் சுற்றி ஊசி முனை மாதிரி துளைகள் போட்டு, “தார் குறைவு” என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் பல வருஷம் விற்றன. இயந்திரத்திலே வைத்தால் குறைவாகத்தான் காட்டியது. எப்படி? இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியாக வெளிக்காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்து விடுகிறது. ஆனால் மனுஷன் பிடிக்கும்போது விரலும் உதடும் துளையை அடைத்துக் கொள்ளும். இயந்திரத்துக்கு ஆசை கிடையாது, நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் இழுக்கும். மனுஷனுக்கு நிகோடின் பத்தலைன்னா ஆழமாக இழுப்பான், இன்னொன்று பற்ற வைப்பான். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் பல வருஷத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தார் குறைந்த சிகரெட்டுகளால் மக்களின் உடம்புக்கு நன்மை வந்ததாகத் தெரியவில்லை என்று முடிவு சொன்னது.

அதனாலே பின்னாளில் துளைகளை அடைத்து, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை 55 மில்லி லிட்டர் இழுக்க வைக்கும் கடுமையான முறையும் வந்தது. அதிலே அதே சிகரெட்டுக்குக் கணக்கு எங்கேயோ ஏறிப் போனது. ஆகவே ஆய்வுக்கூடத்து எண் எதுவானாலும், அது எப்படி இழுத்து அளந்த எண் என்று கேட்க வேண்டும்.

மின் சிகரெட்: ஆவியா, வேறெதுவுமா?

இந்தக் கருவியை 2003-இல் சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் கண்டுபிடித்தார். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். திரவத்திலே புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைச் சரக்கு. இழுத்தால் சுருள் சூடாகும், திரவம் மிக நுண்ணிய துளிகளாகக் கிளம்பும். இட்லிக் குண்டானில் வருகிற மாதிரி தண்ணீர் ஆவி அல்ல அது. ரசாயனத் துளிகளின் மூட்டம்.

இதிலே உள்ளதை உள்ளபடி சொல்லி விடுகிறேன். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 வகை மின் சிகரெட்டுகளை இயந்திரத்தில் வைத்துச் சோதித்தார்கள். சோதித்த நச்சுப் பொருள்கள் சிகரெட் புகையைக் காட்டிலும் 9 முதல் 450 மடங்கு வரை குறைவாக இருந்தன. புகையிலை எரியாததாலே தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட் மாதிரி வருவதில்லை. பையன் இதைத்தான் படித்துவிட்டு வந்து பேசுகிறான். இது பொய் அல்ல.

ஆனால் ‘குறைவு’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு. அதே ஆய்வில் ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் இருந்தன. சூட்டைக் கூட்டினால் கணக்கு மாறும். 2015-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே கருவியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். குறைந்த வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு தரும் பொருள் தென்படவில்லை, கூடின வோல்ட்டில் ஏராளமாக வந்தது. அவ்வளவு சூட்டில் தீய்ந்த ருசி வரும், யாரும் இழுக்க மாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எப்படியானாலும், கருவியையும் சூட்டையும் பொறுத்து விஷம் கூடும் குறையும் என்பது தெரிந்து போயிற்று.

2018-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தினமும் மின் சிகரெட் பிடிக்கிற 56 பேரின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். புட்டியிலிருந்த திரவத்தில் உலோகம் கொஞ்சமாகத்தான் இருந்தது. கருவியிலிருந்து வந்த மூட்டத்திலோ ஈயம், நிக்கல், குரோமியம் கூடுதலாக இருந்தன. சூடேறுகிற கம்பிச் சுருளிலிருந்து அவை கலக்கின்றன. ஈயம் குழந்தையின் மூளைக்கு ஆகாத பொருள்.

அடுத்த வருஷம், 2019-இல், அமெரிக்காவிலே நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். 2020 பிப்ரவரி 18 வரைக்கும் 2,807 பேருக்குப் பாதிப்பு, அதிலே 68 பேர் இறந்தார்கள். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, 51 பேரில் 48 பேருக்கு வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருள் இருந்தது. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்து திருட்டுத்தனமாக விற்ற திரவத்தில் அதைச் சேர்த்திருந்தார்கள். வைட்டமின்தானே என்று கேட்கலாம். வயிற்றுக்கு ஆகிற எல்லாம் நுரையீரலுக்கு ஆகாது. புட்டிக்குள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்பதுதான் அதிலே உள்ள ஆபத்து.

இயந்திரம் அளக்காத ஆள்

இப்போது தாய்மார்கள் கவனமாகக் கேளுங்க. இதுவரை சொன்ன இயந்திரம் இழுக்கிறவர் வாய்க்குள்ளே போவதைத்தான் அளந்தது. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில், சிகரெட்டின் கொள்ளி முனையிலிருந்து சும்மா எழும்புகிற புகை எங்கே போகிறது? திண்ணையில் இருக்கிற பெரியவருக்கும், அடுப்படியில் இருக்கிற உங்களுக்கும், தொட்டிலில் இருக்கிற குழந்தைக்கும்தான் போகிறது. அதைத் தனியாகப் பிடித்துச் சோதித்தபோது, இழுக்காத நேரத்தில் சூடு குறைந்து அரைகுறையாக எரிவதால், அம்மோனியா முதலான பல விஷங்கள் இழுக்கிற புகையைவிடப் பல மடங்கு அதில் இருப்பது தெரிந்தது. அதற்கு ஃபில்டரும் கிடையாது.

“காத்துல கரைஞ்சு போகாதாங்க?” என்று கேட்கலாம். 1981-இல் ஜப்பான் நாட்டு டாக்டர் ஹிராயாமா ஒரு கணக்கு வெளியிட்டார். புகை பிடிக்காத 91,540 மனைவிமாரை 14 வருஷம் கவனித்து வந்தார். அதிகமாகச் சிகரெட் பிடிக்கிறவர்களின் மனைவிமாருக்கு, பிடிக்காதவர்களின் மனைவிமாரைக் காட்டிலும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிகரெட் கம்பெனிகள் இதை மறுத்துப் பேசின. பிறகு பல நாட்டு ஆய்வுகளும் அதே பக்கம் நின்றன. 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பிறர் விடும் புகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்மானமாக அறிவித்தது. அந்த மனைவிமார் ஒரு சிகரெட்டைக்கூடக் கையால் தொட்டவர்கள் இல்லை.

முழுகாமல் இருக்கிற பெண்ணுக்கு இது இன்னும் கெடுதல். கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக் கொள்ளும். ஆக்சிஜன் போக வேண்டிய இடத்தை அது பிடித்துக் கொண்டால் வயிற்றுப் பிள்ளைக்கு மூச்சு குறையும், எடை குறைந்து பிறக்கும். நிகோடின் நஞ்சுக்கொடி தாண்டி பிள்ளைக்கே போய்ச் சேரும். மின் சிகரெட்டிலும் நிகோடின் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. புகை சூழ்ந்த வீட்டுக் குழந்தைக்குச் சளிக் காய்ச்சல், இளைப்பு, காதுச் சீழ் அடிக்கடி வரும். குழந்தை இல்லையே என்று கோயில் குளம் சுற்றுகிற தம்பதியருக்கும் ஒரு வார்த்தை: புகை பிடித்தால் ஆணின் விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் ஓட்டத்திலும் குறைகின்றன. குறையைப் பெண் மேலேயே போடாமல் அதையும் பாருங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டிலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடை வேண்டும் என்று சொன்னது. அதே வருஷம் செப்டம்பர் 18-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது, டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது, சேமித்து வைப்பது எல்லாம் குற்றம். லாரி ஓட்டுகிற தம்பிகள் இதைக் குறித்துக் கொள்ளுங்க: கொண்டு போவதும் குற்றம்தான். முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்று வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. யாரோ கொடுக்கிற பார்சலை என்ன ஏது என்று கேட்காமல் வண்டியில் ஏற்றாதீங்க.

“அப்போ பீடி, சிகரெட்டை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்காங்க?” என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சட்டம் தடுக்காததெல்லாம் உடம்புக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. வீட்டுக்குள்ளே தடை போடச் சட்டம் வர வேண்டியதில்லை, புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசினால் போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் காரியம், இன்று முதல் வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் புகை கிடையாது என்று வையுங்கள். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் கை, வாய் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்குங்கள்.

இரண்டாவது, இரண்டு பேருமாகச் சேர்ந்து நிறுத்துகிற நாளைக் குறியுங்கள். பெண்டாட்டி, “ஏனுங்க, இன்னிக்கும் குடிச்சிட்டுத்தான் வந்தீங்களா?” என்று ஊர் கேட்கச் சண்டை போட்டால் மனுஷன் சண்டைக்குப் பயந்தே இன்னொன்று பற்ற வைப்பார். நிறுத்தின முதல் மூன்று நாள் மிகவும் சிரமம். கோபம் வரும், தூக்கம் வராது, கை பரபரக்கும். அந்த நாட்களில் வீட்டில் கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போங்கள். ஆசை எழும்பினால் சில நிமிஷத்தில் அடங்கி விடும். அதுவரைக்கும் ஒரு சொம்பு தண்ணி, கொஞ்சம் சீரகம், ஒரு நடை. சில வாரத்தில் உடம்பு பழகி விடும்.

மூன்றாவது, சிகரெட்டை விடுவதற்காக மின் சிகரெட்டைப் பிடிக்க வேண்டாம். நிகோடின் பழக்கத்தை விடுவிக்க மருத்துவர் மேற்பார்வையில் தரும் மருந்தும் மெல்லும் பசையும் இருக்கின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசினாலும் யோசனை சொல்வார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

நான்காவது, பையனிடம் அந்தப் பேனாவைப் பார்த்தால் அடிக்காதீங்க. அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மகனுக்குப் புத்தி சொன்னால் எடுபடாது. அப்பா முதலில் விட்டால், பிறகு சொல்கிற சொல்லுக்குக் கனம் இருக்கும். கருவியோ திரவப் புட்டியோ வீட்டில் இருந்தால் சின்னக் குழந்தை கையில் கிடைக்க விடாதீங்க. அதிலே இருப்பது பூச்சியைக் கொல்கிற அதே நிகோடின்.

விட்டால் பலன் உடனே தொடங்கும். ஒரு நாளுக்குள் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இறங்கி விடும். ஒரு வருஷத்தில் புகையால் கூடின மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறையும். பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் பிடிக்கிறவர்களுக்கு உள்ளதில் பாதியாகும். “இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன?” என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே! பீடி, சிகரெட், மின் சிகரெட் மூன்றையும் ஆய்வுக்கூடத்துத் தராசிலே வைத்தால் கனம் கூடக் குறைய இருக்கும். சுத்தமாக விஷம் இல்லாதது அதிலே ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எது குறைந்த விஷம் என்று தேட வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதியைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். அவரும் வந்து விசாரிப்பார், துணை நிற்பார்.